சாப்பாட்டு மேசையில் ஒரு தூதரகம்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை கொஞ்ச காலம் அமெரிக்கத் தூதரகமாக இருந்தது. விசா அதிகாரி நான்தான். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் போகிற சாலையில் வீடு. ஸ்கூல் விட்டு வந்து பாலைக் குடித்துவிட்டு, அப்பாவின் பழைய மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான் உட்கார்ந்துவிட்டால், காலேஜில் பாடம் நடத்தும் என் அத்தை எனக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். அந்த வயதில் அவ்வளவு அதிகாரம் யாருக்குக் கிடைக்கும்? நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கவில்லை.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. அவருக்குப் பிடித்தமானவை இந்தக் காலத்து அமெரிக்க நாவல்கள். பிறந்த ஊரை விட்டுக் கிளம்பி, பேரை மாற்றிக்கொண்டு, பேச்சையும் மாற்றிக்கொண்டு, வேறு ஆளாகவே ஆகிவிடுகிறவர்களின் கதைகள். படுக்கப் போகும்போது எனக்கும் சொல்வார். "அப்புறம் அவன் வீட்டுக்குத் திரும்பி வந்தானா?" என்று கேட்பேன். "அங்கதான்டி கதையே இருக்கு" என்று விளக்கை அணைத்துவிடுவார். அந்த நாவல்களை ஆராய்ச்சி செய்வதற்குத்தான் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில், உதவித்தொகையோடு, இடம் கிடைத்திருந்தது.

ஆனால் முதல் தடவை விசா கிடைக்கவில்லை. படிப்பு முடிந்ததும் ஊருக்குத் திரும்பி வருவீர்களா என்று அதிகாரி கேட்டாராம். அத்தை ஒரு நிமிஷம் யோசித்து, இப்போதே எப்படிச் சொல்வது என்று உள்ளதைச் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான், விசா இல்லை என்று பாஸ்போர்ட்டை அப்போதே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். "வருவேன்னு ஒரு வார்த்தை சொன்னா வாயில இருந்து முத்தா உதிர்ந்துரும்?" என்று அப்பா குதித்தார்.

தாத்தா குதிக்கவில்லை. "இன்னொரு தடவை போயிப் பாரும்மா. அதுவும் இல்லைன்னா கே.கே. நகர்க்காரங்களுக்குச் சரின்னு சொல்லிருவேன். அப்புறம் பேச்சு கிடையாது" என்றார். கே.கே. நகர்க்காரர்கள் என்றால் அத்தையைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள். கல்யாணத்துக்குப் பிறகு படிப்பு, வேலை எல்லாம் எதற்கு என்று பஜ்ஜியைத் தின்றுகொண்டே சொன்னவர்கள்.

தாத்தா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறுகிற ஆளின் மூஞ்சியைப் பார்த்தே எந்த ஸ்டாப்பில் இறங்குவான் என்று சொல்லிவிடுவேன் என்பது அவருடைய ஓயாத பெருமை. பாட்டி நான் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டதால், அத்தையைத் தலைவாரி ஸ்கூலுக்கு அனுப்பி வளர்த்தவர் அவர்தான்.

அப்படித்தான் ஒத்திகை ஆரம்பமானது. கேள்விகளை அப்பா சொல்லிக்கொடுத்தார். நான் குரலைக் கட்டையாக்கிக்கொண்டு கேட்பேன். மற்ற கேள்விகளுக்கெல்லாம் அத்தை தண்ணீர் மாதிரி பதில் சொல்வார். கடைசிக் கேள்விக்கு வரும்போதுதான் வீடே கப்சிப் ஆகும்.

"வில் யூ கம் பேக்?"

"எஸ். ஐ வில் கம் பேக். மை ஃபாதர் இஸ் ஹியர்."

சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் அத்தையின் கண் தரைக்குப் போய்விடும். "மூஞ்சியைப் பாத்துச் சொல்லு! கீழ பாத்தா பொய்னு தெரிஞ்சுரும்!" என்று அப்பா கத்துவார். நான் மேசையைத் தட்டி "ரிஜெக்டட்!" என்பேன். அத்தை உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மறுபடி நிற்பார்.

தாத்தா ஓரமாக, சத்தத்தைக் குறைத்து வைத்த டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். அத்தை பதில் சொன்னதும் என்னைப் பார்த்து, "என்ன சொல்றா?" என்பார்.

"கண்டிப்பா திரும்பி வந்துருவாங்களாம் தாத்தா. நீங்க இங்க இருக்கீங்களாம்."

"ம்."

மறுநாளும் கேட்பார். நானும் மறுநாளும் சொல்வேன். தாத்தாவுக்கு மறதி வந்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். அம்மா என்னைப் போய்ப் படிக்கச் சொன்னார்.

ஒருநாள் அத்தை பாதியில் எழுந்து பின்கட்டுக்குப் போனார். குழாய்ச் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. ஈர முகத்தோடு வந்து நின்று, "கேளு" என்றார். கேட்டேன். கண்ணை எடுக்காமல், லேசான சிரிப்போடு, அப்படியே அழகாகச் சொன்னார். அவர் வேறு யாரோ மாதிரி இருந்தார். எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. அப்பா கைதட்டினார். தாத்தா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்றைக்கு அவர் என்னிடம் அர்த்தம் கேட்கவில்லை.

இரண்டாவது தடவை விசா கேட்க அத்தை சென்னைக்குப் போயிருந்த அந்த நாள் காலையில் வீட்டில் யாருக்கும் இட்லி இறங்கவில்லை. அம்மா அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததைக்கூடப் பார்க்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். தாத்தா வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தார். போன் அடித்தபோது அப்பா அதைக் கீழே போட்டு எடுத்தார்.

கிடைத்துவிட்டது. அதிகாரி நாவல்களைப் பற்றியே கேட்டாராம். அவருக்கும் கதை படிக்கிற கிறுக்கு இருக்கும் போல. திரும்பி வருவீர்களா என்று கேட்கவே இல்லையாம். இதற்கா இத்தனை பாடு என்று எல்லோரும் சிரித்தோம். தாத்தா மட்டும், "கேக்கவே இல்லையா? கேக்கவே இல்லையா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டில் வாசல் தாண்டுகிறவர்கள் "போறேன்" என்று சொல்லக் கூடாது. கறிவேப்பிலை வாங்கப் போனாலும் "போயிட்டு வரேன்" என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் தாத்தா திரும்பக் கூப்பிட்டுச் சொல்லவைப்பார். திருச்சி ஏர்போர்ட் வாசலில், வழியனுப்ப வந்தவர்கள் நிற்க வேண்டிய இடத்தில், அத்தை தாத்தாவின் காலைத் தொட்டு எழுந்தார். எல்லோரும் அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தோம். அத்தையின் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பின்னால் வரிசை நகரச் சொல்லி நெருக்கியது. காவலர், "சீக்கிரம் உள்ள வாங்கம்மா" என்றார். அத்தை அசையவில்லை.

வசனத்தை மறந்துவிட்டார் என்று நினைத்தேன். உதவி செய்யத்தான் நினைத்தேன். கட்டைக் குரலில், நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி கேட்டேன்:

"வில் யூ கம் பேக்?"

யாரும் சிரிக்கவில்லை. அம்மா என் தோளை அழுத்தினார். அத்தையின் கண் தரைக்குப் போயிற்று. அவ்வளவு அருமையாகத் தேறியிருந்தவர், பழையபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தாத்தா ஒரு அடி முன்னால் வந்தார். பெட்டி ஏற்றிய தள்ளுவண்டியை, பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டுவதுபோல, உள்ளங்கையால் டப் டப் என்று இரண்டு தட்டுத் தட்டினார்.

"ரைட். போலாம்."

அத்தை நிமிர்ந்து அவரைப் பார்த்தார். முகம் கோணிக்கொண்டு வந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஏர்போர்ட்டில் போய் யாராவது பஸ்ஸைக் கிளப்புவார்களா?

காரில் வரும்போது தாத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கைத் தீர்த்தேன். "அத்தை பதிலே சொல்லலை தாத்தா. நான் ரிஜெக்ட் பண்ணியிருக்கணும்."

தாத்தா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "அவதான் தினம் தினம் சொன்னாளேம்மா" என்றார்.

எந்தத் தூதரகத்தின் காதிலும் விழாத அந்தப் பதிலை, அத்தனை சாயங்காலமும் தனக்கான பதிலாக உட்கார்ந்து கேட்டவர் அவர் ஒருத்தர்தான் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. மூஞ்சியைப் பார்த்தே இறங்குமிடம் சொல்கிறவர் எதற்காக என்னிடம் தினமும் அர்த்தம் கேட்டார் என்பதும் புரியவில்லை. தாத்தாவுக்கு மறதி என்றே நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.