என்னைக் குறை சொல்லக் கூடாது

மன்னிப்பதற்குப் பெரிய மனசு வேண்டும் என்கிறார்கள். இருக்கட்டும். என் மனசு சின்னது, அதில் பழசையெல்லாம் அடுக்கி வைக்கத்தான் இடமிருக்கிறது. பேருந்து நிலையத்துக்கு எதிரே பிரிண்ட் கடை வைத்து இருபது வருடமாகிறது. அதில் யார் யார் என்னிடம் எகிறினார்கள் என்று இன்றைக்குக் கேட்டாலும் தேதியோடு சொல்வேன்.

என் அண்ணன் மகளுக்கும் இதே குணம்தான். ஆனால் நான் கத்துவேன், அவள் கத்தமாட்டாள், கேள்வி கேட்பாள். "சாப்பிட்டியா?" என்றால் "ஏன், நீங்க சாப்பிடலையா?" என்பாள். எதைச் சொன்னாலும் ஒரு கொக்கி போடுவதால் வீட்டில் அவளுக்குக் கொக்கி என்றே பெயராகிவிட்டது.

கணினிப் படிப்பை முடித்ததும் கொக்கி என் கடையின் இரண்டாவது மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். வருகிறவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பாள், கூட்டம் இல்லாதபோது தனக்கு வேலைக்கு விண்ணப்பம் போடுவாள். இரண்டு வருடத்தில் நூற்றுச் சொச்சம் விண்ணப்பங்கள். அவள் ராஜ உத்தியோகம் கேட்கவில்லை. மென்பொருள் எழுதுகிறவர்கள் வரிசையில் கடைசி நாற்காலி போதும் என்றாள். அந்த நாற்காலிக்கான விளம்பரம் ஒன்றை எனக்குப் படித்துக் காட்டினாள். 'புதியவர்கள் வரவேற்கப்படுகிறார்கள். குறைந்தது ஓராண்டு அனுபவம் அவசியம்.'

"புதுசா வர்றவளுக்கு அனுபவம் எங்கருந்துடி வரும்?" என்றேன்.

"நானும் அதைத்தான் கேக்கறேன் அத்தை. யாரைக் கேக்கறது?"

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதை. யாராவது ஒரு வருடம் வேலை கொடுத்தால்தான் மற்றவன் வேலை கொடுப்பான். அந்த முதல் ஆள் மட்டும் எங்கேயும் இல்லை.

அந்த இரண்டு வருடத்தின் தொடக்கத்திலேயே ஒரு கம்பெனி அவளைக் கூப்பிட்டது. மருத்துவர்களின் கிளினிக்குகளுக்கு மென்பொருள் செய்து விற்கும் கம்பெனி. வேலைக்கு எடுப்பதற்கு முன்னால் ஒரு தேர்வு வைத்தார்கள். நோயாளிகள் முன்பதிவு செய்வதற்கும் டோக்கன் சீட்டு அச்சாவதற்கும் முழுசாக ஒன்று எழுதித் தரவேண்டும். கெடு பத்து நாள். கொக்கி பத்து நாளும் அந்த மேசையை விட்டு எழவில்லை. சீட்டின் அடியில் ஏதாவது ஒரு வரி போட வேண்டும் என்று கேள்வித்தாளில் இருந்தது. அவள் நிமிர்ந்து, கல்லாவுக்கு மேலே நான் கைப்பட எழுதி மாட்டியிருக்கும் அட்டையைப் பார்த்தாள். 'மூலப் பிரதியை மெஷினில் மறந்துவிட்டுப் போய், பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.' சிரித்துக்கொண்டே தன் சீட்டில் இப்படிப் போட்டாள்: 'பழைய சீட்டை மறக்காமல் கொண்டு வரவும். மறந்துவிட்டு வந்து என்னைக் குறை சொல்லக் கூடாது.'

அனுப்பி ஒரு வாரம் கழித்து மேலாளர் அவளை நேரில் வரச் சொன்னார். "நீ எழுதினது நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா உனக்கு அனுபவம் இல்லையே" என்றார். அன்றிலிருந்து அவருக்கு நான் வைத்த பெயர் அனுபவசாலி. கொக்கி வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு, அடுத்த விண்ணப்பத்தைப் போட உட்கார்ந்தாள். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. சரக்குக் கிடங்கில் மேற்பார்வை பார்க்கும் என் அண்ணன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். கிடங்கு வாசலில் லாரி எண்ணைக் குறித்துக்கொள்ளும் வேலை காலியாகப் போகிறது, மாதக் கடைசிக்குள் வேறு கிடைக்காவிட்டால் அதில் போய் உட்கார் என்று மகளிடம் சொல்லிவிட்டார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் ஓய்வு பெறும்போதுதான் எழுந்திருக்கிறார்கள். கொக்கி அன்றைக்கு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது எனக்குக் கடைவாய்ப் பல் வலி தாங்கவில்லை. பல் கிளினிக்குக்குப் போனேன். வரவேற்பில் இருந்த பெண் எதையோ தட்டினாள், சிறிய மெஷின் ஒரு சீட்டைத் துப்பியது. டோக்கன் பதினொன்று. அடியில் ஒரு வரி. வலது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு படித்தேன். மறந்துவிட்டு வந்து என்னைக் குறை சொல்லக் கூடாது.

என் திட்டு எனக்குத் தெரியாதா? அச்சில் வந்தால் மட்டும் மாறிவிடுமா?

"ஏம்மா, இதை யாரு போட்டுக் குடுத்தா?" என்றேன்.

அந்தப் பெண் கம்பெனி பெயரைச் சொன்னாள். "ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சுக்கா. முப்பத்தெட்டு கிளினிக்ல இதேதான் ஓடுதாம். இந்தக் கடைசி வரியைப் படிச்சா எல்லாருக்கும் சிரிப்பு."

பல்லைக் காட்டாமலே கடைக்கு ஓடிவந்தேன். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று பரிமாறியிருக்கிறான் பாவி. நேராகப் போய் அவன் கண்ணாடிக் கதவை உடைக்கலாம் என்றேன். கொக்கி சீட்டை வாங்கி இரண்டு முறை படித்தாள். அவள் காது மடல் சிவந்தது.

"கதவை உடைச்சா அவருக்கு எத்தனை நாள் வலிக்கும் அத்தை?" என்றாள்.

அன்று முழுக்க இருவரும் அச்சடித்தோம். அந்தக் கம்பெனி தன் இணையப் பக்கத்திலேயே முப்பத்தெட்டு கிளினிக்குகளின் பெயரையும் பெருமையாகப் போட்டிருந்தது. ஆளுக்கொரு கடிதம். 'உங்களிடம் ஓடுவது, வேலை கேட்டு வந்த ஒருத்தியிடம் தேர்வு என்று சொல்லி வாங்கியது. அவளுக்கு வேலை தரவில்லை. அவளிடம் அனுமதி கேட்கவில்லை.' கூடவே ஆதாரத்தின் நகல். உறைகளில் முகவரி எழுதியது நான். இவ்வளவு அழகான கையெழுத்து எனக்கு உண்டு என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் காலை அனுபவசாலியின் அறையில் உட்கார்ந்திருந்தோம். மூலையில் தூசி படிந்த பிளாஸ்டிக் செடி. கொக்கி என் டோக்கன் சீட்டை மேசைமேல் வைத்தாள்.

"இந்தக் கடைசி வரியை எழுதினது யாரு சார்?"

அவர் படித்தார். "எங்க டீம்ல யாராவது எழுதியிருப்பாங்கம்மா. பழைய ஆளு யாரோ."

"அந்தப் பழைய ஆளு நான்தான்" என்று என் கடை அட்டையைப் பையிலிருந்து எடுத்து நிமிர்த்தி வைத்தேன். ஆணியோடு பிடுங்கிக்கொண்டு போயிருந்தேன்.

பதினான்கு மாதத்துக்கு முன் அவருக்கே போன மின்னஞ்சலைக் கொக்கி எடுத்து வைத்தாள். அவள் எழுதியதெல்லாம் பக்கம் பக்கமாக இருந்தது, அந்த வரியின் மேல் மட்டும் மஞ்சள் கோடு. கடைசியாக உறைகளை ஒவ்வொன்றாக அடுக்கினாள். மேலேயிருந்த முகவரியைப் படித்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

குரல் தேனாகிவிட்டது. "எதுக்கும்மா இதெல்லாம்? இங்கயே வந்துடு. திங்கக்கிழமையே சேர்ந்துக்கோ."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு மனசு துள்ளியது. இரண்டு வருடமாக நாய் படாத பாடு பட்டது இந்த ஒரு வார்த்தைக்குத்தானே. மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன்.

"எனக்குத்தான் அனுபவம் இல்லையே சார்?" என்றாள் கொக்கி.

அவர் மூலையிலிருந்த பிளாஸ்டிக் செடியைப் பார்த்தார். அந்த ஒரு நிமிடத்துக்காக இன்னொரு பல்லும் வலிக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

அவள் கேட்டது ஒரு கடிதம். அவர் அவசர அவசரமாகத் தட்டச்சு செய்து நீட்டினார். இரண்டு ஆண்டுகள் எங்களிடம் சிறப்பாகப் பணியாற்றினார் என்று தாராளமாக அள்ளி விட்டிருந்தார். கொக்கி அதைத் திருப்பி அவர் பக்கமே தள்ளினாள்.

"நான் எப்ப சார் உங்ககிட்ட வேலை பாத்தேன்? உங்க ஆளுன்னு எழுதாதீங்க. நான் எழுதினது முப்பத்தெட்டு எடத்துல ஒரு வருஷத்துக்கு மேலா ஓடுதுன்னு எழுதுங்க. தேர்வுக்கு எழுதினதுன்னும் எழுதுங்க."

அவர் எழுதினார். கையெழுத்துப் போட்டார். முத்திரையும் குத்தினார்.

"இந்த உறையெல்லாம் தபால்ல போகாது சார்" என்றாள் அவள். "இதையே இன்னொருத்தருக்கு நீங்க பண்ணாத வரைக்கும்."

"சத்தியமா பண்ண மாட்டேம்மா."

அந்தக் கடிதத்தோடு கொக்கி மூன்று இடங்களுக்குப் போனாள். மூன்றாவது இடத்தில் ஒரு அம்மாள் கடிதத்தைப் படித்து முடித்துவிட்டு, "அந்தக் கடைசி வரி என்ன?" என்று கேட்டாராம். கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தாராம். மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்னால் வேலை கிடைத்தது. கடைசி நாற்காலிதான். கிடங்கு வாசலுக்கு என் அண்ணன் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்.

போகும் முன் கொக்கி முப்பத்தெட்டு உறைகளையும் என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டி, சாவியை என் கையில் கொடுத்தாள். அவளே வைத்துக்கொண்டிருக்கலாம். என் குணம் தெரிந்துதான் கொடுத்தாள். ஆனால் கொடுத்த வாக்குக்காக நான் அதைத் தொடவில்லை. அட்டையை மட்டும் பழைய இடத்தில் மாட்டினேன்.

ஐந்து மாதம் போனது. நேற்று மதியம் ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். தான் எழுதியதை வேறு இடத்தில் காட்ட வேண்டுமாம், ஒரு ஃபைலை அச்சடிக்கச் சொன்னாள். முதல் பக்கம் மெஷினிலிருந்து வெளியே வந்தது. மேலே அந்தக் கம்பெனியின் பெயர், கீழே 'தேர்வு: மருந்துக் கடைகளுக்கான இருப்புப் பதிவு. கெடு பத்து நாள்.'

மெஷினை நிறுத்தினேன்.

"பிள்ளைங்களுக்காக ஏழு வருஷம் வேலையை விட்டிருந்தேன்கா" என்றாள் அவள். "எங்க போனாலும் அனுபவம் பழசாயிடுச்சுங்கறாங்க. இவங்கதான் தேர்வாவது வைக்கறாங்க. முந்தாநாள் எழுதி அனுப்பிட்டேன். நல்லாத்தான் இருக்காம், ஆனா..."

"ஆனா அனுபவம் இல்லையாமா?"

அவள் திகைத்துப்போய்த் தலையாட்டினாள். நான் கொக்கிக்குப் போன் போட்டு ஒரே மூச்சில் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவுமில்லை, திட்டவுமில்லை.

"தபால் எத்தனை மணிக்கு எடுப்பாங்க அத்தை?" என்றாள்.

நான்கு மணிக்கு. அப்போது மணி மூன்று. அந்தப் பெண்ணை உட்கார வைத்து நடந்ததையெல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு அவளே பசைப் புட்டியை எடுத்தாள். இருவரும் தபால்தலை ஒட்டினோம். பிறகு கடையைச் சாத்திவிட்டு, பேருந்து நிலையத்துத் தபால் பெட்டியில் உறைகளை ஒவ்வொன்றாகப் போட்டேன். மொத்தமாகத் தள்ளியிருக்கலாம். எனக்கு அவசரமில்லை.