சாவடிச் சுவர்

பேத்தியின் நிச்சயதார்த்தத்துக்காகச் சமுதாயக் கூடத்துக்குள் நுழைந்ததுமே மூலையில் காய்ந்து கிடந்த வெற்றிலை எச்சிலின் வாடை குமட்டியது. குளத்தூரில் எங்கள் தெருச் சாவடியிலும் இதே நாற்றம்தான்.

அப்போது யுத்த காலம். தெரு ஆண்கள் தினமும் சாவடியில் கூடிப் பத்திரிகை வாசிக்கக் கேட்பார்கள். சுவரெல்லாம் எச்சில், தரையெல்லாம் சளி. நடந்தால் பாதம் ஒட்டும். வாசிக்கும் வாத்தியார் காய்ச்சலில் படுத்ததால், எட்டாவது படித்திருந்த என் சின்னம்மா சொர்ணத்தை அழைத்தார்கள். அவள் இளம் வயதிலேயே கணவனை இழந்தவள். நானும் கூடப் போனேன்.

பர்மாவில் குண்டு விழுந்த செய்தியை அவள் நிதானமாக வாசித்தாள். அங்கே பிள்ளைகளை அனுப்பியிருந்தவர்கள் தேம்பி அழுதார்கள். ஒருவர் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

நாங்கள் படியிறங்கும்போது, தெருவுக்கே மூத்தவரான பெரிய மாமாவின் குரல் கேட்டது.

"அந்தப் பலகையில சாணியக் கரைச்சு ஊத்துங்கப்பா. தாலியறுத்தவ உக்காந்த எடம்."

திரும்பிப் பார்த்தேன். சற்றுமுன் கும்பிட்டவரே பலகையைக் கழுவிக்கொண்டிருந்தார். சின்னம்மா திரும்பாமலே என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் பெரிய மாமாவே பத்திரிகையோடு எங்கள் வாசலுக்கு வந்தார்.

"வா ஆத்தா, எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காக."

"நான் வரலைங்க மாமா. அந்த அசிங்கத்துல என்னால உக்கார முடியாது."

"அதுக்கென்ன, சொவரக் கழுவச் சொல்லிருவோம்."

"நான் சொவரச் சொல்லலைங்க" என்று கதவைச் சாத்தினாள்.