நகலெடுக்காத மூன்று மாதம்

ஏரியில் யார் என்றைக்கு வலை போடலாம் என்ற முறையை எங்கள் ஊரில் நான்தான் நோட்டில் எழுதுவேன். வெள்ளத்துக்குப் பயந்து, கோட்டைக்குப்பத்தில் மச்சான் வீட்டில் ஒரு நகல் நோட்டும் வைத்திருந்தோம். வாரந்தோறும் போய் அதிலும் எழுத வேண்டும். சோம்பலில் மூன்று மாதம் போகவில்லை. கேட்டவர்களிடம், “எழுதியாச்சுபா” என்றேன்.

புயலில் என் நோட்டு கூழானது.

அந்த மூன்று மாதத்தில்தான், புருஷன் படுக்கையில் கிடந்ததால், அஞ்சலை தன் முறையைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்து, அவருடைய இறால் சீசன் முறையை மாற்றி வாங்கியிருந்தாள். என் நோட்டில் அதை எழுதியதும் நான்தான். ஊர்க்கூட்டத்தில் நகலைப் பிரித்ததும், “இதுல இல்லியே” என்று அவர் சாதித்தார்.

அஞ்சலை என்னைப் பார்த்தாள். என் பொய் வெளியே வந்துவிடுமே என்று குனிந்துகொண்டேன்.

“அண்ணன் எழுதாம உடுவாரா? நான்தான் இன்னாவோ தப்பா நெனச்சிக்கினேன்” என்றாள்.

இன்னொரு நகல் என் தலைக்குள் இருந்தது. அதை நான் பிரிக்கவேயில்லை.