கூரையில் இருந்த முதலாளி

மீமிசலில் நான் வேலை பார்க்கும் ஐஸ் கம்பெனியில், சேர்ந்த முதல் வாரமே ஆபத்துகளை வரிசைப்படுத்தி எழுதிச் சுவரில் ஒட்டினேன். வழுக்கும் தரை, அமோனியா வாயு, ஐஸ் உடைக்கும் மிஷின். அந்த வரிசையில் முதலாளியையும் சேர்க்க வேண்டிவரும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

முதலாளி துபாயில் இருக்கிறார். அங்கே கடை, இங்கே ஐஸ் கம்பெனி. நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ படித்தவள். அறந்தாங்கியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து மீட்டர்களையும் வாயு சென்சார்களையும் பார்த்துக்கொள்வேன். யாருக்கும் அடிபடாமல் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்புதான். லோடு ஏற்றும் ஒருவர் வெறுங்காலோடு நடந்து வழுக்கி விழுந்ததும், முதலாளி துபாயிலிருந்தே கேமராக்களுக்கு ஏற்பாடு செய்தார். எல்லோரும் பூட்ஸும் கிளவுஸும் போட்டிருக்கிறார்களா என்று போனிலேயே பார்க்கலாம். நல்ல எண்ணம்தான், அதில் குறை சொல்ல எதுவுமில்லை.

ஆனால் மிஷினுக்கு மேலே மாட்டிய கேமரா பேசும் கேமரா. அதோடு வந்த ஸ்பீக்கர் மிஷின் சத்தத்தில் கேட்காது என்று, கல்யாண வீட்டுக் கூரையில் கட்டுவார்களே, அந்த மாதிரி ஒரு ஹாரனை அதோடு இணைத்துவிட்டார்கள். துபாயில் அவர் போனைத் தொட்டுப் பேசினால் மீமிசலில் கூரை அதிரும்.

"டேய், கிளவுஸ் எங்கடா?"

ஆண்கள் யாராக இருந்தாலும் முதலாளிக்கு 'டேய்'தான். லோடுமேன்களுக்கு முதல் இரண்டு நாள் தூக்கிவாரிப் போட்டது, பிறகு பழகிவிட்டது. கூரையோடு பேச்சுவார்த்தையே நடத்த ஆரம்பித்தார்கள். ஒருவர் கேமராவைப் பார்த்து லீவு கேட்டார். இன்னொருவர் மகள் கல்யாணப் பத்திரிகையை விரித்து, முதலாளி படித்து முடிக்கும்வரை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். கூரை "மாஷா அல்லாஹ்" என்றது.

பழகாதவர் மிஷின்காரர் ஒருவர்தான். ஐஸ் பாரைக் கொக்கியால் இழுத்து மிஷினின் வாயில் தள்ளுவது அவர் வேலை. உள்ளே முள் வைத்த உருளை சுற்றும். முதலாளியைவிட மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை ஆத்தா என்பார். ஐஸ் தூள் தெறித்துக் காதுக்குள் போகும் என்று தலையில் துண்டை இறுக்கிக் கட்டியிருப்பார்.

கூரை பேசியதும் அவர் கொக்கியைக் கீழே வைப்பார். கேமரா பக்கம் முழுதாகத் திரும்புவார். துண்டை அவிழ்த்துக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு "சொல்லுங்க மொதலாளி" என்பார். அவர் முதுகுக்குப் பின்னால் உருளை சுற்றிக்கொண்டே இருக்கும்.

தொங்கும் துணி, கவனிக்காத முதுகு, சுற்றும் உருளை. பாடத்தில் இவற்றைத் தனித்தனி அத்தியாயமாக வைத்திருந்தார்கள். இங்கே மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தன. திரும்ப வேண்டாம் என்று அவரிடம் கெஞ்சிப் பார்த்தேன்.

"மொதலாளி பேசிக்கிட்டு இருக்கப்ப முதுகக் காட்டிக்கிட்டு நிக்கச் சொல்றியா, ஆத்தா?"

"அது ஸ்பீக்கர்ண்ணே."

"ஸ்பீக்கரா இருந்தா என்ன, மொதலாளியோட ஸ்பீக்கருல்ல."

நான் மீட்டரைப் பார்க்கப் போய்விட்டேன்.

நான் பயந்தது ஒரு காலையில் நடந்தது. படகுகளுக்கு ஐஸ் ஏற்றும் நேரம். கூரை யாரையோ பூட்ஸ் போடச் சொன்னது. யாரைச் சொன்னது என்று தெரியாததால், மிஷின்காரர் தன்னைத்தான் என்று திரும்பித் துண்டை அவிழ்த்தார். துண்டின் நுனியை உருளை பிடித்தது. மறுநுனி அவர் மணிக்கட்டில் ஒரு சுற்று சுற்றியிருந்தது. பக்கத்தில் மீட்டர் பார்த்துக்கொண்டிருந்த நான் மிஷினை நிறுத்தும் சிவப்புக் குமிழை அறைந்தேன். அவர் கையை உதறினார். துண்டு உள்ளே போய்விட்டது. கை வெளியே இருந்தது.

மிஷின் நின்ற அமைதியில் கூரை கேட்டது: "டேய், மிஷின ஏன்டா நிறுத்துன?"

சத்தம் நின்றது அவருக்குக் கேட்டுவிட்டது, படம் துபாய் போய்ச் சேர இன்னும் சில நொடிகள் ஆகும். அந்தச் சில நொடிகளும் நாங்கள் எல்லோரும் கேமராவையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு ஹாரன் அணைந்துவிட்டது. கிழிந்த துண்டைத் துணுக்குத் துணுக்காக எடுத்துக்கொண்டிருந்த மிஷின்காரர்தான், பதில் சொல்லாமல் விட்டுவிட்டோமே என்று வருத்தப்பட்டார்.

மதியம் முதலாளிக்குப் போன் செய்தேன். அவர் குரல் இறங்கியிருந்தது. நல்லதுக்குத்தானே சொல்கிறேன், கிளவுஸ் போடச் சொல்வது தப்பா என்றார். தப்பில்லை என்றேன்.

"ஆனா நீங்க பேசுனா அவரு ஒங்களத்தான் பாப்பாரு சார். மிஷினப் பாக்க மாட்டாரு."

ஸ்பீக்கரைக் கழற்றிவிடலாமா என்று கேட்டேன். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் ஊர்க்காரர்களோடு நாலு வார்த்தை பேசுவது அது ஒன்றுதான் என்று அவர் சொன்னபோது, எனக்கும் கழற்ற மனம் வரவில்லை. யோசித்தேன். துண்டுக்குத் தடை போட்டால் காதுக்குள் ஐஸ் போகும். முதலாளியைப் போனில் எழுதி அனுப்பச் சொன்னால், கிளவுஸோடு இவர்களால் போனைத் திறக்க முடியாது. மிஷின்காரர் காட்டும் மரியாதையைக் குறைக்க எந்தக் கருவியும் இல்லை. மிச்சம் இருந்தது மிஷின்தான்.

அதனால் ஒரு ரிலே வாங்கி மாட்டினேன். முதலாளி பேச ஆரம்பித்ததும் மிஷினுக்குக் கரண்ட் நின்றுவிடும். உருளை சுற்றி ஓய்ந்த பிறகுதான் ஹாரனுக்குக் குரல் போகும். மறுபடி ஓட்ட வேண்டுமென்றால் யாராவது பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். முதலாளியிடம் சொல்லித்தான் செய்தேன். அவரும் செய்யுங்க என்றுவிட்டார்.

நான் எதிர்பார்க்காத விளைவுகள் மூன்று.

உருளை ஓயும்வரை குரல் போகாது அல்லவா, அதனால் முதலாளியின் முதல் வார்த்தை யாருக்குமே கேட்காமல் போனது. முதல் வார்த்தை எப்போதும் 'டேய்'. ஒரு வாரம் கழித்து மிஷின்காரர் என்னிடம் வந்து, மொதலாளி இப்பல்லாம் மரியாதையாகப் பேசுறாக, வயசாகுதுல்ல என்றார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

இரண்டாவது, லோடுமேன்களுக்குச் சூத்திரம் புரிந்துவிட்டது. டீ குடிக்கத் தோன்றினால் ஒருவர் கேமராவுக்கு நேராக வந்து நின்று, நிதானமாகக் கிளவுஸைக் கழற்றுவார். கூரை பேசும். மிஷின் நிற்கும். எல்லோரும் டீக்குப் போவார்கள்.

மூன்றாவது, ஐஸுக்குக் காத்திருந்த படகுக்காரர்கள் துபாய்க்கே போன் போட்டு, அண்ணே, தயவுசெஞ்சு கொஞ்ச நேரம் பேசாம இருங்க என்று கேட்டார்கள். முதலாளி மிஷின் ஓடும் நேரத்தில் வாயைக் கட்டினார். அவர் பேசாததால் டீ போச்சே என்று லோடுமேன்கள் என்னைத்தான் முறைத்தார்கள்.

இந்தப் பெருநாளுக்கு முதலாளி ஊருக்கு வந்தார். காலையில் யாரிடமும் சொல்லாமல் கம்பெனிக்குள் நுழைந்து, வாசலில் நின்றே கூப்பிட்டார்.

"டேய்!"

நேரில் வந்த குரலுக்கு என் ரிலே என்ன செய்யும்? மிஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் குமிழை நோக்கி ஓடினேன். எட்டுவதற்குள் மிஷின்காரரே அதை அழுத்திவிட்டார். திரும்பவில்லை. உருளையையே பார்த்துக்கொண்டு நின்றார். அது மெதுவாகி, ஒரு கடைசி ஐஸ் துண்டைத் துப்பிவிட்டு ஓய்ந்தது. அதன் பிறகு துண்டை அவிழ்த்து, முழுதாகத் திரும்பி, "சொல்லுங்க மொதலாளி" என்றார்.

அத்தனை நேரமும் முதலாளி வாயைத் திறந்தபடி காத்திருந்தார். சொல்ல வந்தது அதற்குள் மறந்துவிட்டது போல.

"ஒண்ணுமில்ல. கிளவுஸ் போட்ருக்கீங்களான்னு பாத்தேன்."

மிஷின்காரர் இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டினார். துண்டை மறுபடி தலையில் இறுக்கிக் கட்டினார். முதலாளியின் வாய் மூடிவிட்டதா என்று ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொண்டு, பச்சைப் பொத்தானை அழுத்தினார்.