பதினைந்து தாள்கள்

என் மனைவி லெனோர் யாரையும் முழுதாக நம்பியதில்லை. அடுப்பை அணைத்துவிட்டேன் என்று நான் சொன்ன பிறகும் போய் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் படுப்பாள். டார்வுட் ஊர் நூலகத்தில் முப்பத்தொரு வருஷம் குழந்தைகள் பிரிவு அவள் பொறுப்பில் இருந்தது. திரும்பி வரும் ஒவ்வொரு புத்தகத்தையும் தலைகீழாகப் பிடித்து உதறுவாள். ஹேர்பின் விழும், பல் மருத்துவரின் சீட்டு விழும், ஒருமுறை வறுத்த பன்றி இறைச்சித் துண்டு விழுந்தது. பிறகு தாள்களை எண்ணுவாள். படப் புத்தகம் என்றால் பெரும்பாலும் பதினாறு தாள்.

தானே ஒட்டிச் சரிசெய்து அலமாரிக்குத் திருப்பும்போது மட்டும் அவள் எண்ணமாட்டாள்.

ஒரு ஓநாய்க் கதைப் புத்தகத்துக்கு ஊரில் எப்போதும் கிராக்கி. பாட்டியை ஓநாய் விழுங்கும் பழைய கதைதான், படங்கள் புதியவை. நடுவில் இரண்டு பக்கத்தையும் அடைத்துக்கொண்டு, பாட்டியின் இரவுத் தொப்பியோடு ஓநாய் கட்டிலில் படுத்திருக்கும். ஆர்டித் க்விஸ்டுக்கு அந்தப் படம் ஆகாது. அவள் மகள் மார்னி அதைப் பார்த்த நாளிலிருந்து விளக்கை அணைக்கவிடுவதில்லையாம்.

"அந்தப் பக்கத்த எடுத்துட்டா என்ன கெட்டுப்போச்சு?" என்று ஆர்டித் ஒருநாள் கேட்டாள். லெனோர் அதை மனதில் குறித்துக்கொண்டாள்.

அந்த வசந்தத்தில் ஓநாய்ப் பக்கத்தின் ஓரம் கிழிந்து வந்தது. லெனோர் பசை தடவி, மெல்லிய காகிதம் வைத்து ஒட்டி, கனமான அகராதிகளை மேலே ஏற்றி வைத்தாள். அடுத்து அதை எடுத்துப்போனது, பயந்தாலும் அதையே கேட்கும் மார்னிக்காக, ஆர்டித். திரும்பி வந்தபோது பதினைந்து தாள்தான் இருந்தது. ஓநாய் இல்லை. வெட்டிய தடமும் இல்லை.

"பிளேடால அடியோட எடுத்திருக்கா. எவ்வளவு பொறுமை பாரு," என்றாள் லெனோர் அன்று சாப்பிடும்போது.

"நீ பாத்தியா?"

"பாக்கணுமா? கார்டுல கடைசி கையெழுத்து அவளோடது."

அந்த ஞாயிறு சர்ச்சின் கீழறையில் விருந்து. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்திருந்தார்கள். ஆர்டித் கத்தியால் கேக் வெட்டுவதை லெனோர் பார்த்துக்கொண்டே இருந்தாள். "கோடு எவ்வளவு நேரா போகுது பாத்தியா," என்று என் காதருகே சொன்னாள். அன்று அந்தக் கேக்கை அவள் தொடவில்லை.

புதன்கிழமை, நூலக மேசை முன்னால் ஆறேழு பேர் நிற்கும்போது கேட்டுவிட்டாள். யார் எதை எடுத்தார்கள் என்று வெளியில் சொல்லக் கூடாது என்பது அவர்கள் வேலையின் முதல் விதி. அதை மீறித்தான் கேட்டாள்.

"ஆர்டித், ஓநாயை எங்க வச்சிருக்க?"

"வீட்ல கட்டிப்போட்டுச் சோறு போடுறேன். என்ன கேக்குற நீ?"

"அந்தப் பக்கத்தக் காணோம்."

"என்னைத் திருடின்னு சொல்றியா?"

"கேக்குறேன், அவ்வளவுதான்."

ஆர்டித் மகளின் நூலக அட்டையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு மார்னிக்குப் புத்தகம் கிடையாது. பள்ளிப் பேருந்தில் பிள்ளைகள் அவளை "பக்கம் திருடி" என்று கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்த பிறகும் லெனோர் அட்டையைத் திருப்பி அனுப்பவில்லை. இழுப்பறையில் அந்தப் புத்தகத்தோடு சேர்த்துப் பூட்டிவைத்தாள்.

அதற்கு மூன்றாம் சனிக்கிழமை, கதை நேரத்தில் பிள்ளைகள் ஓநாய்க் கதைதான் வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். ஹீட்டரைப் பழுது பார்க்க நானும் போயிருந்தேன். காணாமல்போன பகுதியை வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் புத்தகத்தை எடுத்தாள். எப்போதும்போல் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, படம் பிள்ளைகள் பக்கம் தெரியப் பிடித்துக்கொண்டு, மேலிருந்து எட்டிப் பார்த்து வாசித்தாள். நடுத் தாளைப் புரட்டும்போது அது வெயிலில் நிமிர்ந்து நின்றது.

"உள்ள காது தெரியுது," என்றது முன்வரிசைப் பிள்ளை ஒன்று.

"எதுக்குள்ள?"

"தாளுக்குள்ள. ஓநாய் உள்ளதான் இருக்கு."

லெனோர் அந்தத் தாளை விரலால் தேய்த்துப் பார்த்தாள். மற்றவற்றைவிடத் தடிமனாக இருந்தது. பசை தடவி மூடும்போது பக்கங்களுக்கு நடுவே மெழுகுத்தாள் வைக்க வேண்டும். அவள் வைக்க மறந்ததில் இரண்டு தாள் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஓநாயை விழுங்கியது அவள் பசைதான்.

பிரித்தபோது ஒரு காது எதிர்ப்பக்கத்தோடு போய்விட்டது.

அன்று மாலை ஆர்டித் வீட்டுக்குப் போனோம். அவள் வலைக்கதவைத் திறக்கவில்லை. லெனோர் புத்தகத்தை விரித்து, கதவுக்கு இந்தப் பக்கமிருந்தே காட்டினாள்.

"நான்தான் ஒட்டிட்டேன், ஆர்டித். தப்பு என்னோடது."

"ஏழு பேர் முன்னாடி கேட்ட. இங்க யார் இருக்கா? உன் புருஷன் ஒருத்தர்."

அடுத்த புதன்கிழமை ஆர்டித் மார்னியோடு வந்தபோது, கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்து, லெனோர் மேசைக்குப் பின்னால் எழுந்து நின்று அதையே எல்லார் முன்னாலும் சொன்னாள். அவள் குரல் நடுங்கி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். ஆர்டித் கடைசிவரை கேட்டுவிட்டு அட்டையை வாங்கிக்கொண்டாள். பிறகு மார்னி எடுத்த புத்தகத்தின் தாள்களை அங்கேயே நின்று சத்தமாக எண்ணினாள். ஒன்று, இரண்டு. லெனோர் காத்திருந்தாள். மார்னி வளரும்வரை ஒவ்வொரு புதனும் அப்படித்தான். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தாலும் லெனோர் ஒருநாளும் அவசரப்படுத்தியதில்லை.

நூலகம் பழைய புத்தகங்களைக் கழித்தபோது அந்த ஓநாய் ஆர்டித்திடம் போய்ச் சேர்ந்தது. லெனோரின் அடக்கம் முடிந்த மறுநாள் ஆர்டித் அதைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள்.

"இது உங்க வீட்ல இருக்க வேண்டியது," என்றாள். போகவில்லை. "எண்ணிப் பாத்துக்கோங்க."

அவள் முன்னாலேயே எண்ணினேன். பதினாறு இருந்தது.