மைத்துனன் அடித்த சிம்பல்

பேண்டு குழுவில் பெரிய டிரம் அடிப்பவருக்கு வீட்டில் ஒரு தலைவலி இருந்தது. மனைவியின் தம்பி. ஒன்றரை வருடமாக அவருடைய சோபாவில் கிடந்தான். வெட்டிப்பயல் என்றால் அசல் வெட்டிப்பயல். படுத்தபடியே சாப்பிடுவான், படுத்தபடியே ஊருக்கு உபதேசம் செய்வான். அவனைக் கிளப்ப வேறு வழி தெரியாமல் பேண்டு மாஸ்டரின் கையைக் காலைப் பிடித்து, குழுவில் சிம்பல் என்ற ஜோடிப் பித்தளைத் தட்டுகளை அடிக்கும் வேலையை வாங்கிக் கொடுத்தார். வேலையோடு குழுவின் விடுதியில் ஓர் அறையும் கிடைத்தது. அன்றைக்குத்தான் டிரம்காரர் தன் சோபாவில் காலை நீட்டிப் படுத்தார்.

போனவன் வேலையைக் கற்றுக்கொண்டானா என்றால், அதுதான் இல்லை. சிம்பல் என்ற சொல், கிரேக்கர்கள் கிண்ணத்துக்கு வைத்திருந்த பழைய சொல்லிலிருந்து வந்தது என்று எங்கேயோ கேட்டுவிட்டான். கிளாரினெட்காரரிலிருந்து கூட்டிப் பெருக்கும் அம்மாள் வரை ஒருவரையும் விடவில்லை. தட்டின் நடுக்குழிவைத் தடவிக் காட்டி, கிண்ணம் தெரிகிறதா என்பான். கேட்ட மூடர்களும் வாயைப் பிளந்தார்கள். மாஸ்டரே விஷயம் தெரிந்த பையன் என்றார். டிரம்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு தட்டையும் நேருக்கு நேர் மோதினால் நடுவில் காற்று சிக்கி ஒட்டிக்கொள்ளும், கொஞ்சம் சாய்த்து அடி என்று படித்துப் படித்துச் சொன்னார். யார் காதில் ஏறியது?

புதுப் பூங்காவின் திறப்பு விழாவில் வாசித்தார்கள். உச்சத்தில் டிரம்மும் சிம்பலும் சேர்ந்து விழ வேண்டும். டிரம் விழுந்தது. சிம்பல் தொப்பென்றது. நேருக்கு நேர் மோதியிருக்கிறான், தடியன்! ஒட்டிக்கொண்ட தட்டுகளை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு அவன் பிடுங்க, கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. தாளைத் திருப்பக் குனிந்திருந்த மாஸ்டர் நடந்ததைப் பார்க்கவில்லை.

முடிந்ததும் இருவரையும் கூப்பிட்டார். மைத்துனன் மேல் தப்பென்றால் இன்றே சீட்டைக் கிழித்துவிடுவதாகச் சொன்னார்.

"மாமா டிரம்ம முந்தி அடிச்சிட்டாரு சார். நான் பதறிட்டேன்" என்றான் அவன், கண்ணைக்கூட இமைக்காமல்.

மாஸ்டர் டிரம்காரரைப் பார்த்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்தக் கழிசடை ஒழிந்தான். ஒழிந்து எங்கே போவான்? நேராக வீட்டுக்குத்தான் வருவான்.

"ஆமா சார். என் தப்புதான்."

டிரம் வேறொருவருக்குப் போனது. டிரம்காரர் கையில் டிரையாங்கிள் என்ற சின்ன முக்கோணக் கம்பியைக் கொடுத்தார்கள். வெளியே வந்ததும் மைத்துனன் பரிவோடு அவர் தோளில் கை போட்டான்.

"இனிமேலாவது கவனமா வாசிங்க மாமா. ஒவ்வொரு தடவையும் என்னால காப்பாத்த முடியாது."