பதினெட்டு வாண்டுகளும் ஒரு ஹவில்தாரும்

குழந்தைகள் காப்பகம் நடத்துகிற தொழிலில், சாயங்காலம் எந்தப் பிள்ளையும் அடுத்த பிள்ளையின் செருப்பைப் போட்டுக்கொண்டு போகவில்லை என்றால் அன்றைக்கு வெற்றி. வீட்டில் இரண்டு வயதில் ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு, 'செத்த நேரம் உக்காரேன்டா' என்று கெஞ்சுகிற உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. எங்களிடம் பதினெட்டு.

'எங்களிடம்' என்பதுகூடக் கொஞ்சம் அதிகம்தான். காப்பகம் என் மனைவி செல்வியுடையது. அவள் அதற்கென்றே படித்தவள். நான் இருபத்தோரு வருஷம் பட்டாளத்தில் இருந்து, ஹவில்தாராக ஓய்வு பெற்று, ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவன். ராஜபாளையத்துக் காப்பகத்தில் அவளுக்கு உதவியாக இருந்த பெண் கல்யாணமாகிப் போய்விட, "ஆள் கிடைக்கிற வரைக்கும் வாங்க" என்றாள். மூன்று வருஷமாகிறது. ஆள் கிடைத்தபாடில்லை, தேடுகிறாளா என்றும் தெரியவில்லை.

வரிசையில் நில்!

முதல் நாள் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. ஒன்று மேசைக்கடியில், ஒன்று ஜன்னல் கம்பியில், ஒன்று என் காலில். கை கழுவப் போவதற்குக்கூட ஒரு ஒழுங்கு வேண்டாமா? பையிலிருந்து விசிலை எடுத்து ஊதினேன். ஏழு பிள்ளைகள் அழுதன. மீதிப் பதினொன்றும் விசிலைப் பிடுங்க என் மேல் ஏறின.

செல்வி வந்து விசிலை வாங்கி அலமாரி மேலே வைத்தாள். "நீங்க எஞ்சின். கூன்னு ஒரு சத்தம் போட்டுட்டு நடங்க, போதும்" என்றாள். வெட்கத்தை விட்டுக் கூவினேன். ஒன்று என் சட்டையைப் பிடித்தது. அதன் சட்டையை இன்னொன்று. குழாயடிக்குப் போய்ச் சேர்வதற்குள், நான் தொண்டை கிழியக் கத்தியும் வராத வரிசை தானாக வந்துவிட்டது.

அதிலிருந்து அந்த வேலை எனக்கு நிரந்தரமாகிவிட்டது. ஒரு சாயங்காலம் முகிலனைக் கூட்டிப்போக அவன் அப்பா வந்திருக்கிறார். போலீஸ்காரர், யூனிபார்மில் வாசலிலேயே நின்றிருக்கிறார். நான் இருந்த வேகத்தில் கவனிக்காமல் இரண்டு சுற்று அவரைக் கடந்து போயிருக்கிறேன். மூன்றாவது சுற்றில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பணிவாகக் கேட்டார்: "ஸார், ரயிலு செத்த நேரம் நிக்குமா? எம் புள்ளைய இறக்கணும்."

எப்பத்தான் படிப்பு?

சரண் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். வந்த புதிதில் அவன் என்னைப் பார்த்து, "நீள்ளு, நீள்ளு" என்றான். 'நில்லு' என்கிறான் என்று நினைத்து நானும் விறைப்பாக நின்றேன். அவன் அழ அழ இன்னும் விறைப்பாக நின்றேன். பிள்ளை தண்ணீர் கேட்கிறது என்று செல்வி வந்து சொல்ல வேண்டியிருந்தது.

அவன் அப்பா உரக்கடை வைத்திருக்கிறார். ஒருநாள் கோபமாக வந்தார். "மூணு மாசமாச்சு. ஏ பி சி டி தெரியல, ஒண்ணு ரெண்டு தெரியல. கேட்டா தண்ணியில விளையாடுனேங்கான். எப்பத்தான் ஸார் படிப்பை ஆரம்பிப்பீக?" உங்களிடம் மறைப்பானேன், உள்ளுக்குள் எனக்கும் அதே கேள்விதான். அதனால் பின்கட்டில் செல்வி இருக்கிறாள் என்று கூட்டிப்போய் விட்டேன்.

அங்கே சரண் தண்ணீர்த் தொட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தான். சின்ன டம்ளரால் மொண்டு பெரிய செம்பில் ஊற்றுகிறான், நிறையவில்லை. செம்பிலிருந்து டம்ளரில் ஊற்றுகிறான், வழிகிறது. வழிகிறதைக் கண்டு யோசிக்கிறான். மறுபடியும் ஊற்றுகிறான். அப்பா குனிந்து, "எத்தனை டம்ளர் பிடிக்கும்னு பாப்பமா?" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கால் மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். இரண்டு பேரும் முழங்கால் வரை நனைந்திருந்தார்கள். கடையிலிருந்து போன் வந்தது. ஈரக் கையோடு எடுத்துச் சொன்னார்: "படிச்சுக்கிட்டு இருக்கேன்டா, பொறவு கூப்பிடு."

தாளம் தப்பிய கவின்

பாட்டு நேரத்துக்கென்று மதுரையில் நல்ல சின்ன டிரம்மாகப் பார்த்து வாங்கி வந்தேன். பிள்ளைகள் அது வந்த அட்டைப்பெட்டியையும் சமையற்கட்டுத் தட்டுமூடிகளையும் எடுத்துக்கொண்டன. டிரம் எனக்கு. சரி, தாளமாவது ஒழுங்காகச் சொல்லிக்கொடுப்போம் என்று பட்டாளத்து நடைக்கு அடிக்கிற அடியை ஆரம்பித்தேன். லெஃப்ட், ரைட், லெஃப்ட், ரைட்.

கவின் மட்டும் அடங்கவில்லை. 'டடக் டடக் டடக்' என்று வேகமாக மூடியைத் தட்டுவான், திடீரென்று நிறுத்துவான். கையை எடுத்து, காற்றில் எதையோ இழுத்து முடிச்சுப் போடுவதுபோல ஏதோ செய்வான். பிறகு மறுபடியும் 'டடக் டடக்'. நான் அவன் கையைப் பிடித்து, "நடுவில் நிறுத்தக் கூடாது கண்ணு" என்று ஒரு வாரம் திருத்தினேன். ஒரு வாரமும் அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

வெள்ளிக்கிழமை அவன் அம்மாவிடம், பையனுக்குத் தாளம் நிற்கவில்லை, கொஞ்சம் கவனிக்க வேண்டும் என்று பெரிய வித்வான்போல அறிக்கை கொடுத்தேன். வீட்டிலேயே பேண்டேஜ் துணித் தறி ஓட்டுகிற பெண் அவர். மகன் தட்டுவதைச் செத்த நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தார்: "இது எங்க வீட்டுத் தறில்லா ஸார். நூல் அறுந்தா நிறுத்தி, முடிஞ்சிட்டுத்தான் ஓட்டணும். அவன் சரியாத்தான் ஓட்டுதான்."

பதினெட்டு மாம்பழம்

பெற்றோர் வந்து பார்க்கிற நாளுக்காகப் பிள்ளைகளின் ஓவியங்களைச் சுவரில் மாட்டச் சொன்னாள் செல்வி. தலைப்பு எதுவும் கிடையாதாம். சாயமும் தாளும் கொடுத்தால் போதுமாம். பிள்ளைகள் தீட்டி முடித்ததைப் பார்த்தேன். பதினெட்டுத் தாளும் சேறு. பெற்றோர் முகத்தில் எப்படி முழிப்பது? அன்று மத்தியானம் பிள்ளைகளோடு செல்வியும் கண்ணயர்ந்த நேரத்தில், புதுத் தாள்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு மாம்பழம் வரைந்து, மஞ்சள் அடித்து, காம்பும் இலையும் வைத்து, கீழே ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் எழுதி மாட்டிவிட்டேன். செல்வி மறுநாள் காலையில் பார்த்தாள். பெற்றோருக்கான நாற்காலிகளைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டாள். அதுதான் பயமாக இருந்தது.

தியாவின் அம்மாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வேலை. நாள் முழுக்கப் பத்திரமும் கையெழுத்தும் பார்க்கிற கண். சுவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நிதானமாகப் பார்த்துக்கொண்டு வந்து, என் முன்னால் நின்று, என் விரல் நகத்தில் இருந்த மஞ்சளையும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஸார், பதினெட்டும் ஒரே ஆள் கைல்லா. கோர்ட்டுல இது நிக்காது."

பாடாத

ஜெரினுக்கு இரண்டரை வயசு. அப்பா பட்டாளத்தில், எல்லையில் இருக்கிறார். அம்மா ஸ்டெல்லா ராஜபாளையத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். வந்த நாளிலிருந்து அவன் பையைக் கழற்றாமல் கதவுப் பக்கமே நின்றான். அழவில்லை. பேசவில்லை. மூன்று வாரம் ஒரு வார்த்தை இல்லை. செல்வி அவனை அவசரப்படுத்தவில்லை. தினமும் பக்கத்தில் ஒரு பொம்மையை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். அவசரப்பட்டது நான்தான். என் மகள் பேச ஆரம்பித்ததையே போனில் கேட்டவன் நான். பட்டாளத்துக்காரன் பிள்ளை என்றதும் விட மனசில்லை. பிஸ்கட் நீட்டினேன், சல்யூட் அடித்தேன், குட்டிக்கரணம்கூடப் போட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். அவன் கதவையே பார்த்தான்.

"வீட்டுல வாய் ஓயாது ஸார். இங்க வந்தா இப்படி நிக்கான்" என்றார் ஸ்டெல்லா. "அங்க எனக்கு வேலையே ஓட மாட்டேங்கு. இந்த மாசம் பாக்கேன். இல்லன்னா வேலைய விட்டுட்டு வீட்டுல இருந்துர வேண்டியதுதான்." சொல்லும்போது யூனிபார்ம் நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

மாசக் கடைசியில் செல்விக்குக் காய்ச்சல். பாட்டு நேரம் என் தலையில் விழுந்தது. என் குரலைக் கேட்டுத் தூங்கிய பிள்ளை கிடையாது. எழுந்த பிள்ளைகள் உண்டு. அந்த நேரத்தில் ஒரு பாட்டும் ஞாபகம் வரவில்லை. வெளியே மழை, சறுக்குமரம் நனைந்துகொண்டிருந்தது. "மழை வந்துச்சு, சறுக்கு நனைஞ்சுச்சு" என்று நானே இட்டுக்கட்டிப் பாடினேன். மெட்டு என்று ஒன்றும் இல்லை. மூன்றாவது தடவை பாடும்போது, ஜெரின் பையைக் கழற்றிக் கீழே வைத்தான். அறை முழுவதையும் நடந்து கடந்து என் முன்னால் வந்தான். இரண்டு கையாலும் என் வாயைப் பொத்தினான். "பாடாத" என்றான்.

உடனே நிறுத்திவிட்டேன். அவன் என் கையிலிருந்த தட்டுமூடியை வாங்கி, என் மடியிலேயே உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தான். ஒற்றைக் கையால் போனை எடுத்து ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன்.

"ஜெரின் பேசிட்டாம்மா!"

"என்ன சொன்னான் ஸார்?"

"'பாடாத'ன்னான்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சொன்னார்: "நாளைக்கும் பாடுங்க ஸார்."

ஆக, இந்த மூன்று வருஷத்தில் பிள்ளைகளுக்கு நீ என்னத்தைக் கற்றுக்கொடுத்தாய் என்று யாராவது கேட்டால், நான் குறுக்கே போகாத நாட்களில் அவர்கள் நன்றாகவே கற்றுக்கொண்டார்கள் என்று மட்டும் அடித்துச் சொல்வேன்.